பல்லில் வைக்கிற வெள்ளை அடைப்பிலிருந்து என்னதான் கசியுது?

7 செப்டம்பர் 2025 (கேள்வி, திருமங்கலத்திலிருந்து)

அண்ணாச்சி, என் பொண்ணுக்கு ஏழு வயசு. கீழ்க் கடவாய்ப் பல் ரெண்டுல சொத்தை. வெள்ளை அடைப்பு வச்சிடலாம், மேல ரெண்டுக்கும் பள்ளத்தை மூடுற சீலன்ட் போட்டுடலாம்னு பல் டாக்டர் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு சேதி போட்டார். வெள்ளை அடைப்பு முழுக்க பிளாஸ்டிக், பிபிஏங்கற ரசாயனம் எச்சில்ல கசியும், பொம்பளப் பிள்ளைங்க சீக்கிரம் வயசுக்கு வந்துடும், பழைய வெள்ளி அடைப்பையே கேட்டு வாங்குங்கன்னு. வெள்ளியில பாதரசம் இருக்கேங்கறா வீட்டுக்காரி. நீங்க யூவி வார்னிஷ்லயே கெடந்தவர். பல்லுக்கு வைக்கிறதும் அதே சாமான்தான்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

7 செப்டம்பர், ராத்திரி

ஒரே வம்சம்தான் தம்பி. சிவகாசியில காலண்டர் அட்டைக்குப் பளபளப்பு ஏத்துற யூவி வார்னிஷும் சரி, பல்லுக்குள்ள வைக்கிற ரெசினும் சரி, அக்ரிலேட், மெத்தக்ரிலேட் வகையறா. வைக்கும்போது குழம்பா இருக்கும். வெளிச்சம் பட்டதும் மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இறுகிடும். எங்க பிரஸ்ல புற ஊதா விளக்கு, கிளினிக்ல நீல விளக்கு. எங்களுக்கு அட்டை மேல சில மைக்ரான் கனம். அவங்களுக்குப் பல் குழிக்குள்ள மில்லிமீட்டர் கணக்கு. இந்தக் கடைசி வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரேன்.

"முழுக்க பிளாஸ்டிக்" கிடையாது. எடைக்கு முக்கால் பங்குக்குப் பக்கத்துல கண்ணாடித் தூளும் சிலிக்காவும்தான். மிச்சம் ரெசின். அதுல பெரிய ஆள் பிஸ்-ஜிஎம்ஏ. ரஃபேல் போவன்ங்கற அமெரிக்கர் 1962-ல காப்புரிமை வாங்கினது. அதைத் தயாரிக்கத்தான் பிபிஏ, அதாவது பிஸ்ஃபினால் ஏ, மூலப்பொருளா வேணும். உடம்புல பெண் ஹார்மோன் மாதிரி வேஷம் போடக்கூடிய ரசாயனம் அது, வயசுக்கு வர்ற பயம் அதனாலதான். பிஸ்-ஜிஎம்ஏ ரொம்பக் கெட்டி, இளக்கறதுக்கு டெக்டிஎம்ஏ கலப்பாங்க. பல்லோட ஒட்ட வைக்கிற பாண்ட் திரவத்துல ஹெமா இருக்கும். யூடிஎம்ஏன்னு இன்னொண்ணு உண்டு, பிபிஏ இல்லாமலே செய்யுறது.

ஆகக் கசியக்கூடியது ரெண்டு. ஒண்ணு, தயாரிப்புல மிஞ்சின பிபிஏ துளி. இன்னொண்ணு, சரியா இறுகாம நின்னுபோன மோனோமர், அதாவது கோத்துக்காத தனி மூலக்கூறு. உங்க சித்தப்பா முதலாவதைச் சொல்றார். வார்னிஷ் ஆளு நான், எனக்கு ரெண்டாவதுதான் உறுத்துது.

8 செப்டம்பர்

சித்தப்பாவோட சேதிக்கு ஒரு பூர்வீகம் இருக்கு. 1996-ல ஸ்பெயின்ல கிரனாடா பல்கலைக்கழகத்துல நிக்கோலாஸ் ஒலேயா குழு 18 பேருக்கு ஆளுக்கு 50 மில்லிகிராம் சீலன்ட் போட்டு, அடுத்த ஒரு மணி நேரம் எச்சிலைச் சேகரிச்சாங்க. 90-லிருந்து 931 மைக்ரோகிராம் வரை பிபிஏ இருந்ததா எழுதினாங்க. உலகம் பூரா பல் டாக்டருங்களுக்குத் தூக்கம் போச்சு.

அப்புறம் மத்தவங்க அளந்தப்ப அந்த அளவு கிடைக்கலை. அன்னைக்குச் சில சீலன்ட்ல பிஸ்-டிஎம்ஏன்னு ஒரு பொருள் இருந்தது. அதுல பிபிஏ எஸ்டர் பிணைப்புல தொங்கும். எச்சில்ல இருக்கிற எஸ்டரேஸ் நொதி அதை வெட்டினா பிபிஏ தனியா வந்துடும். பிஸ்-ஜிஎம்ஏவுல பிபிஏ ஈதர் பிணைப்புல மாட்டியிருக்கு, எச்சில் நொதிக்கு அதை வெட்டத் தெரியாது. அதனால பிஸ்-ஜிஎம்ஏ அடைப்பு வாய்க்குள்ள உடைஞ்சு பிபிஏவா மாறும்ங்கறது கதை. வர்றது தயாரிப்புல ஒட்டிக்கிட்டு வந்த கசடு மட்டும்தான்.

2000-ல அமெரிக்காவுல ஒரு சோதனை: சீலன்ட் போட்ட பெரியவங்க எச்சில்ல மூணு மணி நேரம் வரைக்கும் பிபிஏ தெரிஞ்சது, ரத்தத்துல தென்படவே இல்லை. 2016-ல அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சந்தையில இருந்த 12 சீலன்ட்டை அளந்துட்டுச் சொன்ன கணக்கு 0.09 நானோகிராம் (ஒரு மைக்ரோகிராம்னா ஆயிரம் நானோகிராம்). ஒலேயாவோட உச்சத்துக்கும் இதுக்கும் கிட்டத்தட்ட ஒரு கோடி மடங்கு வித்தியாசம். ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, வாட்ஸ்அப்ல எது மட்டும் சுத்துதுன்னு புரியும்.

வயசுக்கு வர்ற கதைக்கு இந்த ஆய்வுகள் எதுலயும் ஆதாரம் கிடையாது.

8 செப்டம்பர், சாயங்காலம்

ஒரு பின்குறிப்பு. பல் டாக்டருங்க சங்கம் அளந்த எண்ணைப் பல் டாக்டருங்களுக்காகப் பேசற இடத்துல அப்படியே வச்சிட்டேன்னு யாராவது கேப்பீங்க. கேட்கணும்தான். ஆனா ஒலேயா எண்ணை மத்த ஆய்வுக்கூடங்களாலயும் மறுபடி எடுக்க முடியலை, அதையும் சேர்த்துப் பாருங்க.

11 செப்டம்பர்

ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் ஐரோப்பியக் கணக்கைக் கொண்டுவந்து போட்டிருக்கார். நல்ல அடி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல ஒரு நாளைக்கு, உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் பிபிஏ வரைக்கும் பரவாயில்லைன்னுச்சு. 2023 ஏப்ரல்ல அதை 0.2 நானோகிராமாக் குறைச்சுட்டாங்க. 20,000 மடங்கு கீழே. உங்க பொண்ணு 20 கிலோன்னு வச்சா, பழைய வரம்பு நாளைக்கு 80 மைக்ரோகிராம், புதுசு 4 நானோகிராம்.

சீலன்ட்டோட 0.09 இதுக்கும் கீழேதான் நிக்குது. ஆனா அடைப்பு சீலன்ட்டைவிடப் பெரிசு. 2012-ல அமெரிக்காவுல வெள்ளை அடைப்பு வச்சவங்களை அளந்தப்ப, எச்சில்லயும் மூத்திரத்துலயும் முதல் நாள் பிபிஏ ஏறி நின்னது தெரிஞ்சது. அதனால "ஒண்ணுமே இல்லை"ன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் ஏறும், உடம்பு அதை மூத்திரத்துல தள்ளிடும். பிபிஏ உடம்புல மணிக்கணக்குலதான் தங்கும், வருஷக்கணக்குல இல்லை.

இந்தப் புது வரம்பை எல்லாரும் ஏத்துக்கலைங்கறதும் தெரிஞ்சிருக்கணும். ஜெர்மனியோட இடர் மதிப்பீட்டு நிறுவனம் கிலோவுக்கு 200 நானோகிராம்னு தனியா ஒரு கணக்கு போட்டுச்சு. ஐரோப்பிய ஆணையத்தோட கணக்குப்படிப் பார்த்தா ஐரோப்பாவுல சாப்பாடு சாப்பிடுற ஏறக்குறைய எல்லாருமே வரம்பைத் தாண்டினவங்கதான், பல்லே இல்லாதவங்களும் சேர்த்து.

12 செப்டம்பர்

பில் பேப்பர் பத்திக் கேட்டவருக்கு: ஆமா, கடையில கிழிச்சுக் கொடுக்கிற தெர்மல் பேப்பர்ல பிபிஏ பூச்சு உண்டு. ஐரோப்பாவுல 2020 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு. பல இடத்துல பிபிஏவை எடுத்துட்டு பிபிஎஸ்ஸைப் போட்டுட்டு "பிபிஏ இல்லை"ன்னு சீட்டு ஒட்டிட்டாங்க. அண்ணன் போனான், தம்பி வந்தான். பல் அடைப்பு டப்பாவுல "பிபிஏ இல்லாதது"ன்னு பார்த்தாலும் இதே சந்தேகத்தோட பாருங்க. அந்தச் சீட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுது. மோனோமர் அதுலயும் உண்டு.

19 செப்டம்பர்

காலண்டர் சீசன் நேரம். ஆடிப் பதினெட்டுக்கு மாதிரி ஆல்பம் போட்டதிலிருந்து எவனுக்கும் தூக்கமில்லை. பழகின பிரஸ் ஒண்ணுக்குப் போயிருந்தேன். வார்னிஷ் ஒட்டுதுன்னு கூப்பிட்டாங்க. போனதும் வழக்கமா செய்யுறது: காயவச்ச அட்டையைக் கன்வேயர்ல இருந்து எடுத்து, கட்டைவிரலை அழுத்தித் திருகுவேன். ரேகை பதிஞ்சா காயலை. அடுத்து மூக்குக்கிட்ட கொண்டுபோனா அந்தக் காரமான இனிப்பு நெடி. அதுதான் மிஞ்சின மோனோமர். விளக்கு எரியுது, நீலமா வெளிச்சமும் வருது, பார்த்தா எல்லாம் சரி. மீட்டர் வச்சா பாதி சக்திதான். பல்பு ஆயுசு முடிஞ்சு பல நாள் ஆயிருக்கும்.

இதைத்தான் பல்லுக்கும் சொல்ல வரேன். கிளினிக்ல இருக்கிற நீல விளக்கும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். சக்தி குறைஞ்சிருக்கலாம். நுனியில பழைய ரெசின் காஞ்சு ஒட்டியிருக்கலாம். கடைசிக் கடவாய்ப் பல்லுக்கு வாய் திறக்க முடியாம நுனி தள்ளி நிக்கலாம். தள்ளத் தள்ள வெளிச்சம் குறையும். பல நாடுகள்ல கிளினிக் கிளினிக்காப் போய் விளக்கை அளந்தவங்க, போதாத சக்தியில ஓடுறதை நிறையவே பார்த்திருக்காங்க. அளக்கிறதுக்கு ரேடியோமீட்டர்னு கையடக்கமா ஒரு கருவி இருக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட்டுக்குக் கீழே போனா வேலைக்கு ஆகாதுன்னு பொதுவா வச்சிருக்காங்க.

கனம் இன்னொரு சங்கதி. சாதாரண வெள்ளை அடைப்பை 2 மில்லிமீட்டர் அடுக்கா வச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் விளக்கு காட்டணும். ஒரேயடியா 4 மில்லிமீட்டர் வைக்கிற மாதிரித் தயாரிச்சது தனி, அதுக்கு பல்க் ஃபில்னு பேரு. அவசரத்துல சாதாரணத்தை மொத்தையா வச்சு ஒரே தடவை விளக்கு காட்டினா மேலே கல்லு, அடியில களி.

நல்லா இறுக்கினாலும் நூத்துக்கு நூறு கோத்துக்காது. 55-லிருந்து 75 சதவீதம் வரைதான் பிணைப்பு முடியும். உடனே பயப்படாதீங்க. இந்த மூலக்கூறுகளுக்கு ரெண்டு கை. ஒரு கை பிடிச்சுக்கிட்டாலும் வெளியே வர முடியாது. ரெண்டு கையும் சும்மா இருக்கிறதுதான் திரியும், அது சின்னப் பங்கு. அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துல வந்து முடிஞ்சிடும்.

20 செப்டம்பர்

"வாயில கசப்பா ஒண்ணு தெரிஞ்சதே"ன்னு கேட்டிருக்காங்க. காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் மேல்பரப்பை இறுக விடாது. விளக்கு காட்டி முடிச்சதும் மேலே மெல்லிசா ஒரு பிசுபிசுப்பு நிக்கும். எங்க ஊர்ல பெரிய மெஷின்ல நைட்ரஜன் விட்டுத் தப்பிச்சுக்குவாங்க. வாய்க்குள்ள நைட்ரஜன் விட முடியாதுல்ல. சில டாக்டருங்க கடைசி விளக்குக்கு முன்னாடி கிளிசரின் ஜெல் தடவிக் காத்தை மறைப்பாங்க. இல்லேன்னா பஞ்சால, பியூமிஸ் பொடியால தேய்ச்சு எடுக்கணும், அப்புறம் அரை நிமிஷம் கொப்புளிச்சுத் துப்பணும். 2010-ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல பிள்ளைகளுக்கான பல் பொருட்களைப் பத்தி வந்த மதிப்பீட்டுக் கட்டுரையும் இதையேதான் சொல்லுது. செலவில்லாத வேலை. ஆனா துப்பணும். முழுங்கக் கூடாது. ஏழு வயசுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறதுதான் பெரும்பாடு.

21 செப்டம்பர்

ஒரு தமாஷ். ரெசினை இறுகத் தூண்டுற பொருள் கேம்ஃபர்குவினோன். நம்ம கற்பூரத்துக்கு நெருங்கின சொந்தம், மஞ்சளா இருக்கும், 468 நானோமீட்டர் பக்கத்துல நீல வெளிச்சத்தை உறிஞ்சும். சித்தப்பாகிட்ட "அடைப்புல கற்பூர வம்சம் இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த சேதி அடைப்போட மகிமையைப் பத்தி வரும்.

மஞ்சள் தெரியக்கூடாதுன்னு ரொம்ப வெளுத்த நிற அடைப்புல சில கம்பெனிங்க டிபிஓன்னு வேற தூண்டியைச் சேர்ப்பாங்க. எங்க யூவி மையிலயும் அது உண்டு. ஐரோப்பாவுல 2025 செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து அழகுப் பொருட்கள்ல அதுக்குத் தடை. ஜெல் நகப்பூச்சுக்காரங்க அலறிக்கிட்டிருக்காங்க. பல் அடைப்பு மருத்துவக் கருவிங்கற வேற சட்டத்துல வருது, அதனால அந்தத் தடை இதைத் தொடாது. நகத்துக்கு ஆகாதது பல்லுக்கு ஆகுமான்னு கேட்டா, இறுகி முடிஞ்ச அடைப்புல மிஞ்சுற அளவு ரொம்பச் சின்னது. ஆனா சட்டம் பிரிச்சு வச்சிருக்கிற விதம் எனக்கு ரசிக்கலை.

2 அக்டோபர்

நியூ இங்கிலாந்து ஆய்வைப் பத்தி எழுதச் சொன்னீங்க. அமெரிக்காவுல பாஸ்டன்லயும் மெய்ன் மாநிலத்துலயும் 6 முதல் 10 வயசு வரை 534 பிள்ளைங்களைச் சீட்டு குலுக்கிப் பிரிச்சு, பாதிப் பேருக்கு வெள்ளி அடைப்பு, பாதிப் பேருக்கு வெள்ளை. அஞ்சு வருஷம் பார்த்தாங்க. வெள்ளியில இருக்கிற பாதரசம் மூளையைக் கெடுக்குதாங்கறதுதான் அசல் கேள்வி. 2006-ல முடிவு வந்தது: புத்தி, ஞாபகம் எதுலயும் வித்தியாசமில்லை.

அதே பிள்ளைங்க தரவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தப்ப, 2012-ல வேற ஒண்ணு கிளம்பிச்சு. பிஸ்-ஜிஎம்ஏ வகை அடைப்பு அதிகமா, அதிக நாள் வாயில இருந்த பிள்ளைங்களுக்கு மனநிலை, நடத்தை மதிப்பெண் கொஞ்சம் மோசம். யூடிஎம்ஏ வகைக்கு அந்தத் தொடர்பு இல்லை. மெல்லுற பரப்புல இருந்த அடைப்புக்குத் தொடர்பு கூடுதல்.

படிச்சதும் எனக்கே சுருக்குன்னுச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஆற அமரப் படிச்சா, சீட்டு குலுக்கினது வெள்ளியா வெள்ளையான்னு மட்டும்தான். எத்தனை அடைப்புங்கறது அவங்கவங்க சொத்தை முடிவு பண்ணினது. சொத்தை நிறைய உள்ள வீட்டுச் சூழலும், சொத்தை குறைஞ்ச வீட்டுச் சூழலும் ஒண்ணா இருக்காது. கணக்குல சரிக்கட்டினாலும் முழுசா போகாது. போதாக்குறைக்கு அந்தப் பிள்ளைங்க உடம்புல பிபிஏவை யாரும் அளக்கலை. ஆனாலும் "மெல்லுற பரப்பு"ங்கற அந்த ஒரு வரியை என்னால ஒதுக்க முடியலை. தேயத்தேய ஏதோ வருதுன்னு அது காட்டலாம். ஏழு வயசுக்கு ரெண்டு அடைப்புங்கறதுக்கு இது தடையில்லை. எட்டுப் பல்லுலயும் வைக்கணும்னா நான் யூடிஎம்ஏ வகை இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்பேன்.

4 அக்டோபர்

"ஜிஐசி வச்சா ரெசின் தொல்லையே இல்லையே"ன்னு மதுரை அம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க. பாதி சரி. லண்டன்ல வில்சனும் கென்ட்டும் 1972 வாக்குல கொண்டுவந்த கிளாஸ் அயனோமர் சிமெண்ட்ல, அதுதான் ஜிஐசி, ரெசின் கிடையாது. கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்து தானா இறுகும், ஃபுளோரைடும் விடும். பால் பல்லுக்கு அருமை. ஆனா விளக்கு காட்டி இறுக்குற ஜிஐசி இருக்கே, அதுல ஹெமா சேர்த்திருப்பாங்க. டாக்டர் கையில நீல விளக்கை எடுத்தா அதுவும் நம்ம வம்சம்தான். மெல்லுற பெரிய பல்லுல சாதா ஜிஐசி சீக்கிரம் தேயும், அதையும் கணக்குல வச்சுக்கணும்.

23 அக்டோபர்

தீபாவளி அதிரசம் கடிச்சுப் பழைய அடைப்பு பெயர்ந்தவங்க இங்க ரெண்டு பேர் இருக்கீங்க. முழுங்கினதுக்கு ஒண்ணும் ஆகாது, அது இறுகின துண்டு. பல்லைப் போய்க் காட்டுங்க.

12 நவம்பர்

ஜெனீவாவுல மினமாட்டா ஒப்பந்த மாநாடு முடிஞ்சுது. உலகத்துல பாதரசப் புழக்கத்தைக் குறைக்கப் போட்ட ஒப்பந்தம் அது. 2034-க்குள்ள பல்லுக்குப் பாதரச அடைப்பை நிறுத்தணும்னு முடிவு. இந்தியா 2018-லயே ஒப்பந்தத்தை உறுதி பண்ணின நாடு, அதனால நமக்கும் உண்டு. ஐரோப்பாவுல 2018-லயே 15 வயசுக்குக் கீழே நிறுத்தி, 2025 ஜனவரியிலிருந்து எல்லாருக்கும் நிறுத்தியாச்சு. வெள்ளி அடைப்புல எடைக்குப் பாதி பாதரசம். வாயில இருக்கிறப்ப என்ன பண்ணுதுங்கறதைவிட, கிளினிக் சாக்கடையில போறதும் சுடுகாட்டுப் புகையில போறதும்தான் ஒப்பந்தக்காரங்க கவலை.

ஆக சித்தப்பா சொல்ற வெள்ளி, உங்க பொண்ணு பெரியவளாகும்போது கடையிலயே இருக்காது. எல்லாரும் ரெசினுக்கு வரப் போறோம். அப்போ விளக்கு மீட்டர் கேள்வி இன்னும் பெரிசாகும்.

30 நவம்பர்

திருமங்கலத் தம்பி வேலையை முடிச்சிட்டு வந்து எழுதியிருக்கார். டாக்டர் ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கிற ரப்பர் தாள்) மாட்டி, ரெண்டு அடுக்கா வச்சு, தேய்ச்சு, கொப்புளிக்கச் சொல்லியிருக்காங்க. மீட்டர் இருக்கான்னு கேட்டதுக்குச் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் காட்டினாங்களாம். நல்ல கிளினிக். நான் போற இடத்துல கேட்டப்ப, "இதெல்லாம் எங்க சார் படிக்கிறீங்க"ன்னுதான் பதில் வந்தது. பேரெல்லாம் வேண்டாம்.

14 டிசம்பர்

இவ்வளவு நேரம் பல்லைக் கொடுத்தவங்களைப் பத்தியே பேசினோம். வருஷத்துக்கு ஒரு அடைப்பு வைக்கிற வாய்க்கு வர்றது சொற்பம். தினம் பத்து அடைப்புக்குப் பாண்ட் பாட்டிலைத் திறந்து சொட்டு விட்டுக் கொடுக்கிற உதவியாளர் பொண்ணு கையைப் பாருங்க.

ஹெமா சின்ன மூலக்கூறு. மெல்லிசு லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிஷத்துல ஊடுருவிடும். நைட்ரைல் கொஞ்சம் கூடுதலாத் தாங்கும், அதுவும் ரொம்ப நேரமில்லை. பாட்டில் வாயில வழிஞ்சதைக் கையுறை விரலால துடைச்சிட்டு அதே கையுறையோட அடுத்த வேலைக்குப் போனா, உள்ளே தோல்ல ஊறிக்கிட்டே இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனியில தோல் வெடிச்சு, செதில் செதிலா உரியும். எங்க பிரஸ்ல ரோலர் துடைக்கிற பசங்க கையில பார்த்த அதே வெடிப்பு, அதே மூணு விரல். குளிர் காலம், சோப்புன்னு சொல்லிக் கிரீம் தடவிக்கிட்டே ஓட்டுவாங்க.

ஒவ்வாமை ஒருதடவை பிடிச்சா ஆயுசுக்கும் விடாது. அதுக்கப்புறம் அவங்களுக்கே வெள்ளை அடைப்பு வைக்கணும்னாலோ, இடுப்பு மூட்டு மாத்த அக்ரிலிக் சிமெண்ட் வைக்கணும்னாலோ யோசிச்சுத்தான் பண்ணணும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் 2012-ல "இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்"னு அக்ரிலேட்டைத் தேர்ந்தெடுத்தாங்க. வீட்டுல ஜெல் நகப்பூச்சு போட்டுக்கிட்டு, தோல்ல வழியவிட்டு, விளக்கை அரைகுறையாக் காட்டுற காலேஜ் பிள்ளைங்களுக்கும் இதே கதைதான்.

பிபிஏவுக்கு ஒழிச்ச நேரத்துல பாதியை இந்த விரலுங்களுக்கு ஒழிச்சிருந்தா உருப்பட்டிருக்கும். தொட்ட கையுறையை அப்பவே கழட்டிப் போடணும், பாட்டிலைத் துணியால பிடிச்சு மூடணும், சிந்தினதை விரலால துடைக்கவே கூடாது. ஆறாயிரம் ரூபாய் சம்பளப் பொண்ணுக்கு நைட்ரைல் கையுறையை எண்ணி எண்ணிக் கொடுக்கிற டாக்டருங்களும் இருக்காங்க, எழுதினா கோபம் வருது.

18 ஜனவரி 2026

தம்பியோட புதுக் கேள்வி: வீட்டுக்காரி மாசமா இருக்கா, பழைய வெள்ளி அடைப்பை எடுத்துட்டு வெள்ளை வைக்கலாமா?

இப்ப வேண்டாம். நல்லா இருக்கிற வெள்ளி அடைப்பைத் தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலா கிளம்பும். பீடியாட்ரிக்ஸ் கட்டுரையும் கர்ப்ப காலத்துல ரெசின் வேலையை முடிஞ்சவரை தள்ளிப் போடச் சொல்லுது. அழகுக்காக மாத்துறது குழந்தை பிறந்து பால்குடி மறந்த பிறகு பார்த்துக்கலாம். வலியோ வீக்கமோ வந்தா மட்டும் தள்ளிப் போடாதீங்க, மாசமா இருக்கிறதை முதல்லயே டாக்டர்கிட்டச் சொல்லிட்டு உட்காரச் சொல்லுங்க. தற்காலிகமா சாதா ஜிஐசி வச்சு ஓட்டலாமான்னும் கேளுங்க, பெரும்பாலும் முடியும்.